பதிவேட்டில் நின்ற காரை

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே யாராவது தகவல் கேட்டு மனுப் போடுவார்கள். அதற்கும் நான்தான் பதில் எழுத வேண்டும். காரைக்குடியில் டவுன் பஸ் ஏறிக் கோட்டையூரைத் தாண்டி வர வேண்டும், அவ்வளவு தெரிந்தால் போதும். அந்த ஊராட்சிக்கு நான் செயலர். பெயர் சகாய ஆண்டனி. வயது ஐம்பத்தெட்டு. ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அந்த இரண்டு வருடத்தைக் காப்பாற்றிக்கொள்ள நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் ஊரில் தலைவருக்கும் மெம்பர்களுக்கும் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் இன்னும் வரவில்லை. தனி அலுவலர் என்று ஒருவர் உண்டு. எங்கள் ஊர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். ஆகவே தண்ணீர் வராவிட்டாலும் நான், தெருவிளக்கு எரியாவிட்டாலும் நான், நாய் கடித்தாலும் நான். இப்படிப்பட்டவனிடம் போய், உன் ஊரில் உள்ள செடி கொடி, பூச்சி பறவை எல்லாவற்றையும் மக்களைக் கேட்டுப் பட்டியல் எழுது என்றால் அவன் என்ன செய்வான்? மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று அதற்குப் பெயர். எங்கள் மக்களைக் கேட்டால் ரோடு கேட்பார்கள். நான் பக்கத்து ஊராட்சியின் பதிவேட்டை வாங்கி, ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தேன். இதில் தப்பு ஒன்றும் இல்லை. அவர்களும் அப்படித்தான் வேறொருவரிடம் வாங்கியிருந்தார்கள்.

ஒரே ஒரு வரி மட்டும் என் சொந்தச் சரக்கு. ‘காரை. முட்செடி. ஊருணிக் கரையில் ஒன்று உள்ளது. ஊராட்சியால் பாதுகாக்கப்பட்டு வருகிறது.’ செடி இருந்தது உண்மை. நெஞ்சுயரம், ஜோடி ஜோடியாக முள், ஆவணி வாக்கில் மஞ்சளாகப் பொடிப் பழம். அதன் ஓரத்தில்தான் தினமும் வண்டியை நிறுத்துவேன். காரைச் செடி மண்டிக் கிடந்த இடத்தில் எழுந்ததால்தான் காரைக்குடிக்கு அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். சுற்றிலும் பெயர் மட்டும் இருக்கிறது, செடியைத்தான் காணோம். எழுதி வைத்தால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் குளுமையாக இருக்குமே என்று எழுதினேன். பாதுகாக்கப்பட்டு வருகிறது என்பது அரசாங்கப் பதிவேட்டில் தானாக வந்து உட்காரும் சொல். அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த மாதம் நூறு நாள் வேலையில் சீமைக்கருவேல் அகற்றும் பணி வந்தது. மதிப்பீட்டில் அறுநூறு சதுர மீட்டர் என்று போட்டிருந்தது. ஊருணிக் கரையில் இருந்த கருவேலை எல்லாம் வேரோடு தோண்டியும் கொஞ்சம் குறைந்தது. மீதியை எங்கே போய்த் தேடுவது? கரையில் முள்ளோடு பாக்கி நின்றது அந்தக் காரை ஒன்றுதான். அரிவாளோடு நின்ற அம்மாக்கண்ணு என்னைப் பார்த்தாள். கையில் அரிவாள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒருமாதிரி நிதானமாகப் பார்க்கிறவள் அவள்.

“சார், இது காரை. இதையுமா?”

முள் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள். அப்புறம் என்ன, வெட்டு என்றேன். வெட்டினார்கள். கரை மொட்டையானதும் அளவு சரியாக வந்தது. கைபேசியில் படம் எடுத்து, இடம், தேதி, நேரம் எல்லாம் அதிலேயே பதிகிற மாதிரி ஏற்றிவிட்டு, வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாவது மாதம் சென்னையிலிருந்து போன் வந்தது. பேசியது அர்ஷியா என்ற அதிகாரி. செடிகொடிகளைப் படித்துப் பட்டம் வாங்கியவர். எல்லா ஊர்ப் பதிவேடுகளையும் உட்கார்ந்து வாசித்தாராம். இப்படி ஒருவர் வாசிப்பார் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் எங்கள் பதிவேட்டில் மட்டும்தான் காரை இருக்கிறதாம். வியாழக்கிழமை நேரில் வருகிறேன், செடி இருந்தால் உங்கள் பதிவேட்டைச் சிறந்த பதிவேடு என்று எழுதி அனுப்புகிறேன் என்றார். இல்லாவிட்டால் என்ன எழுதி அனுப்புவார் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இல்லாத கிணற்றுக்கு மூடி போட்டதாக எழுதிய செயலர் ஒருவர் போன வருடம்தான் சஸ்பெண்டாகி வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

என் மனைவி ஆரோக்கிய ஷீலா பள்ளிக்கூட டீச்சர். தெரியாமல் வெட்டிவிட்டோம் என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டியதுதானே என்றாள். தெரியாமல் எங்கே வெட்டினோம்? பாதுகாக்கிறேன் என்று எழுதிய கையெழுத்தும் என்னுடையது, அகற்றிவிட்டேன் என்று எழுதிய கையெழுத்தும் என்னுடையது. இரண்டும் ஒரே பச்சை அலமாரியில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தன.

செடி தேடிப் புறப்பட்டேன். ஒக்கூர்க் கண்மாய்க் கரையில் பார்த்த ஞாபகம் என்று ஒருவர் சொன்னார். அங்கே எனக்கு முன்பே யாரோ ஒரு செயலர் அளவைச் சரிக்கட்டியிருந்தார். நேமத்தான்பட்டியில் பழைய வீடு ஒன்றை ஓட்டலாக்கியிருக்கிறார்கள். அந்தத் தோட்டக்காரர் சட்டியில் வளர்த்த ஏதேதோ சீமைச் செடிகளைக் காட்டி, வெள்ளைக்காரர்கள் இதைத்தான் படம் எடுக்கிறார்கள் என்றார். கடைசியில் ஒரு நர்சரிக்காரன், அசல் காரை சார் என்று சத்தியம் செய்து ஒன்றை பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தான். அதை ஊருணிக் கரையில் நட்டுவிட்டுச் சுற்றிலும் சுண்ணாம்புக் கோடு போட்டேன். வேலைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மாக்கண்ணு மட்டும் சிரிக்கவில்லை. ஓர் இலையைக் கிள்ளி மோந்து பார்த்துவிட்டு, மாதுளை நல்லா வரும் சார், தண்ணி ஊத்துங்க என்றாள்.

எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

“காரைதான வேணும்? எங்க வீட்டுக்குப் பின்னால ஒண்ணு நிக்குது சார்.”

எனக்கு உயிர் வந்தது. உடனே, அவள் ஏன் நிற்கிறாள் என்பதும் புரிந்தது.

அம்மாக்கண்ணுவின் வீடு அவள் புருஷன் பெயரில் இருந்தது. அவர் இறந்து மூன்று வருடமாகிறது. வீட்டு வரியைத் தன் பெயருக்கு மாற்றி ரசீது கேட்டு அவள் மனுக் கொடுத்து இரண்டு வருடம். அந்த ரசீது இல்லாமல் கரண்டு கனெக்‌ஷன் தன் பெயரில் வாங்க முடியாது. கொழுந்தன் முத்துராமன் வீட்டிலிருந்து சுவருக்கு மேலே ஒரு ஒயரை இழுத்து ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓட்டிக்கொண்டிருந்தாள். அவனுக்குக் கோபம் வந்தால் பிடுங்கிவிடுவான். அவனுக்கு வாரத்துக்கு இரண்டு முறை கோபம் வரும்.

நான் ஏன் ரசீது கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். ஐந்து பைசா கேட்டேன் என்று யாராவது சொன்னால் அவன் நாக்கு அழுகும். நான் கேட்டதில்லை. ஒரு மனுவை வந்த அன்றே முடித்தால் அடுத்தவனும் வந்த அன்றே கேட்பான், அவ்வளவுதான் காரணம். ‘வீட்டின் பின்புறம் புறம்போக்கா எனப் பார்க்கப்பட வேண்டும்’ என்று அதில் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். பார்க்க வேண்டுமானால் நான் போக வேண்டும். வெயில் காலத்தில் வெயில், மழைக் காலத்தில் சகதி. அது பட்டா நிலம் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்று தெரு தள்ளி, நடந்து நான்கு நிமிடம். இரண்டு வருடமாகப் போக முடியாத இடம். கொல்லையில் காரை என் தலைக்கு மேலே நின்றது. கிளை தெரியாமல் மஞ்சள் பழம். அவள் அதைப் பெரிய பொருளாக வைத்துக் கொண்டாடவில்லை. ஆடு உள்ளே வராமல் இருக்கிறது, கொல்லைக்கு மறைப்பாகவும் இருக்கிறது என்றாள். நாளைக்கு அந்த அம்மா வந்து கேட்டால் இது பஞ்சாயத்து இடம் என்று மட்டும் சொல்ல வேண்டும், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது என்றேன்.

“ஒரு மணி நேரத்துக்கு மட்டுந்தான சார்?”

ஆமாம் என்றேன். ரசீதை முதலில் கொடுத்துவிடுங்கள் என்றாள். ஆபீசுக்கு வந்து கம்ப்யூட்டரில் மூன்று தட்டுத் தட்டினேன். ரசீது வந்துவிட்டது. இரண்டு வருடத்து வேலை அந்த மூன்று தட்டுத்தான் என்பதை அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது எனக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அர்ஷியா மேடம் வந்தார். தலையில் தொப்பி, காலில் ஷூ, தோளில் பை. அவர் பெயரும் போன் நம்பரும் போட்டு நான் கட்டியிருந்த வரவேற்பு பேனரைப் பார்த்து முகம் சுளித்தார், சால்வையை வாங்க மறுத்துவிட்டார். முதல் கேள்வியே நீர்நாயைப் பற்றி. ஆறே இல்லாத ஊரில் நீர்நாய் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே என்றார். நான் திணறியதும், போகட்டும், இந்த வட்டாரத்தில் எல்லாப் பதிவேட்டிலும் அதே நீர்நாய்தான் நீந்துகிறது, காரை மட்டும் உங்களுடையது, அதனால்தான் வந்தேன் என்று சொல்லிச் சிரித்தார். மாட்டிக்கொள்வதற்கும் ஒரு மரியாதை உண்டு போல.

ஊருணியை ஒரு சுற்றுச் சுற்றி, கரை இப்படியே நீளமாகப் போகும் மேடம் என்று பேசிக்கொண்டே அம்மாக்கண்ணுவின் கொல்லைக்குக் கூட்டிப் போய்விட்டேன். செடியைக் கண்டதும் மேடம் ஓட்டமும் நடையுமாகக் கிட்டே போனார். முள்ளுக்குள் கையை விட்டு இலையைத் தடவினார். ஒரு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பிறகு சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தார். என்னவோ நானே பெற்று வளர்த்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் பாராட்டுகிற மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“இது யார் இடம்?” என்று கேட்டார்.

ஊராட்சி இடம் என்றேன். அவர் அம்மாக்கண்ணுவைத் திரும்பிப் பார்த்தார். அவள் சொன்ன சொல் தவறாதவள்.

“ஆமா மேடம், பஞ்சாயத்து இடந்தான்.”

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த மேடத்துக்கு அளவில்லாத சந்தோஷம். தனியார் இடமாக இருந்தால் ஆயிரம் சிக்கல். பொது இடம் என்றால் நல்லதாயிற்று, செடியைச் சுற்றி ஐந்து மீட்டருக்கு வேலி போட்டுவிடலாம், அதற்குள் யாரும் எதுவும் கட்டக்கூடாது, நானே உத்தரவு வாங்கித் தருகிறேன் என்றார். பையிலிருந்து டேப்பை எடுத்து ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். டேப் கொல்லைக் கதவைத் தாண்டியது, அடுப்பங்கரையைத் தாண்டியது, அம்மாக்கண்ணு படுக்கிற இடத்தில் போய் நின்றது.

“அப்போ இந்த வீடு ஆக்கிரமிப்பா?” என்றார்.

அம்மாக்கண்ணு என்னைப் பார்த்தாள். ரசீது அவள் இடுப்பில் மடித்துச் செருகியிருந்தது, அது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் போதும். இது அவள் வீடு, அவள் நிலம், அவள் செடி. பதிவேட்டுக் காரையை நான்தான் வெட்டச் சொன்னேன். நாலு வாக்கியம். வாயைத் திறந்தேன்.

“அளந்து கல் நட்டுருவோம் மேடம்.”

அந்தக் குரல் என்னுடையதுதான். வேறு யார் மேலும் பழி போட வழியில்லை. மேடம் என் கையைக் குலுக்கி, உங்களைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அம்மாக்கண்ணுவைச் சமாதானப்படுத்தத் திரும்பி வந்தேன். அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பயப்படாதம்மா. அந்த ஃபைலு எங்கிட்டத்தான் வரும். நான் இருக்குற வரைக்கும் நகராது.”

“என் ஃபைலும் உங்ககிட்டத்தான் சார் இருந்துச்சு” என்றாள். “நீங்க ரெண்டு வருசத்துல போயிருவீக. வார ஆளு நகத்துனா?”

வீட்டுக்குப் போனதும், போன காரியம் என்ன ஆயிற்று என்று ஷீலா கேட்டாள். நல்லபடியாக முடிந்தது என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் மேடம் போனில் வந்துவிட்டார். செடியை வெட்டிவிட்டார்களாம். முத்துராமன் தன் வீட்டு மாடியிலிருந்து படம் எடுத்து, வரவேற்பு பேனரில் இருந்த அவர் நம்பருக்கு அனுப்பியிருக்கிறான். அண்ணி வீட்டு விஷயத்தில் அவனுக்கு எப்போதும் சுறுசுறுப்பு அதிகம். மேடத்தின் குரல் உடைந்திருந்தது. ஊராட்சிச் சொத்தைச் சேதப்படுத்தியதாக அந்தப் பெண் மேல் உடனே போலீசில் புகார் கொடுங்கள், சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு பிரதி வேண்டும், உங்கள் பதிவேட்டைச் சிறந்தது என்று நேற்றே எழுதிவிட்டேன், என்னைக் கைவிட்டுவிடாதீர்கள் என்றார்.

போனேன். காரை கொல்லையில் சாய்ந்து கிடந்தது. வேரையும் தோண்டி எடுத்திருந்தாள். நூறு நாள் வேலையில் நாங்கள் சொல்லிக் கொடுத்த முறைப்படிதான். பக்கத்தில் உட்கார்ந்து வெட்டின கிளையிலிருந்து பழத்தைச் சொளகில் உதிர்த்துக்கொண்டிருந்தாள். இப்படிப் பண்ணிவிட்டாயே என்றேன்.

“இடம் பஞ்சாயத்துதுன்னு நீங்க சொன்னீக, நானும் சொன்னேன். பஞ்சாயத்து முள்ள வெட்ட எனக்கு நூறு நாள் அட்டை இருக்கு சார்.”

பழத்தை உதிர்த்தபடியே தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“செடி நின்னா வீடு நிக்காது. நான் எதை வச்சுக்கிறது? வேலைக்குப் போறப்ப எங்க வீட்டுக்காரரு ஒரு கை பறிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுத்தான் போவாரு. எனக்கு மட்டும் வயிறு எரியாதா?”

சொளகை என் பக்கம் தள்ளினாள். ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டேன். தித்திப்பு, உள்ளே இரண்டு விதை. ஐம்பத்தெட்டு வருடம் இதே மண்ணில் இருந்தும் அன்றைக்குத்தான் முதல் முறையாகத் தின்றேன். அந்த வேளையில் அது இனித்திருக்க வேண்டாம் என்று பட்டது.

ஆபீசுக்கு வந்து புகாரை எழுத உட்கார்ந்தேன். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. முப்பத்தொரு வருடமாக எழுதுகிறேன். ‘ஊராட்சிக்குச் சொந்தமான, பாதுகாக்கப்பட்டு வந்த அரிய காரைச் செடியை’ என்று ஆரம்பித்து முக்கால் பக்கம் கோர்வையாக வந்துவிட்டது. அதைக் கொடுத்தால் பதிவேடு உண்மையாகிவிடும், என் இரண்டு வருடமும் பத்திரம், பாராட்டுச் சான்றிதழ்கூட வரும். அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பாள். ரசீது ரத்தாகும். மற்றபடி ஒன்றும் ஆகாது.

சர்வே எண் போட வேண்டிய இடத்தில் பேனா நின்றது. புதன்கிழமை ரசீதில் என் கையால் தட்டிய அதே எண்ணை, வெள்ளிக்கிழமை புறம்போக்கு என்று எழுத வேண்டும். பொய் எழுதுவது எனக்குப் புதிது இல்லை. ஆனால் இதற்கு முன் நான் எழுதிய பொய்களில் யாரும் குடியிருந்ததில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல சொல் தேடிப் பார்த்தேன், இதுதான் சரி.

கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். ஊருணிக் கரைக் காரை என் உத்தரவின் பேரில் வெட்டப்பட்டது. வியாழனன்று அதிகாரி பார்த்தது அம்மாக்கண்ணுவின் சொந்தப் பட்டா நிலத்தில் இருந்த அவருடைய செடி. ஊராட்சி இடம் என்று நான் சொன்னது பொய், அவரைச் சொல்ல வைத்ததும் நான்தான். தன் செடியை வெட்ட அவருக்கு உரிமை உண்டு. பதினோரு வரிதான் வந்தது. கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டதற்கான இரண்டு நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கடிதத்தைக் கேட்ட அன்றே அனுப்பியது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு அம்மாக்கண்ணுவிடம் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அவள் கண் கலங்குவாள், கையெடுத்துக் கும்பிடுவாள், ஒரு டம்ளர் காப்பியாவது கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். முத்துராமன் ஒயரைப் பிடுங்கியிருந்தான் போலிருக்கிறது, வீடு மங்கலாக இருந்தது. வாசல் வெளிச்சத்தில் நின்று நான் வாசித்ததை முழுக்கக் கேட்டாள். இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். சொந்தப் பட்டா நிலம் என்று நான் காட்டிய இடத்தில் விரலை வைத்து, இதுதான அந்த எழுத்து என்று கேட்டுக்கொண்டாள்.

“இதுல ஒரு நகல் எனக்கு வேணும் சார். சீல் வச்சு.”

நாளைக்குத் தருகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. அதற்குள் அவள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியிருந்தாள். எனக்கு முன்னால் நடந்து போய் ஆபீஸ் கதவடியில் நின்றாள். நான் கதவைத் திறந்து, நகல் எடுத்து, அலமாரியிலிருந்து சீலை எடுத்துக் குத்தினேன். மை காய்கிறவரை மேஜையை விட்டு நகராமல் நின்று, விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் தாளை மடித்தாள்.